ஜேசிபி போன பிறகு சாயும் மரம்

ரோட்டோர மரம் காற்றுமழையில் சாய்ந்தால் பழி மழைக்குத்தான். சாய்ந்து கிடக்கும் மரத்தின் வேர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் வேர் மண்ணோடு பறிந்து வந்திருக்கும். இன்னொரு பக்கம் சுவர் எழுப்பியது போல நேராக நின்றுவிட்டிருக்கும். சில வருஷம் முன்பு சாக்கடைக்கோ குழாய்க்கோ ஜேசிபி பள்ளம் எடுத்த பக்கம் அது.

ஆணிவேர் ஆழத்தில் இருந்து மரத்தைக் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறோம். ஆனால் முதிர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள்தான் கிளை நிழலையும் தாண்டி ஓடுகிறது. ஜேசிபி வேரை வெட்டுவதில்லை, பிய்த்து இழுக்கிறது. பிளந்த வேர் வழியே பூஞ்சணம் ஏறும். இலையோ நாலைந்து வருஷம்கூடப் பச்சையாக இருந்து நம்மை ஏமாற்றும்.

கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு பக்கம் நிலைமை இன்னும் மோசம். ரோட்டுக்காகச் சரிவின் அடியை அரிந்தால், மேலே நிற்கும் மரத்தின் வேர் முடி போல அந்தரத்தில் தொங்கும். கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் நேரியமங்கலம்–வாளறா காட்டுப் பகுதி அகலப்படுத்தும் வேலையை 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. ரோடு வேண்டும் என்று ஊர்க்காரர்கள் போராடினார்கள். அந்தக் கோபமும் நியாயம்தான். ரோடு வரட்டும், வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரட்டும்.

அதைப் பார்க்க ஒரு கயிறு போதும். நெஞ்சு உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து நாலால் பெருக்குங்கள். சுற்றளவு 2 மீட்டர் என்றால் 8 மீட்டர் தூரத்துக்குள் பள்ளமும், மண் கொட்டுவதும், லாரி நிறுத்துவதும் கூடாது. பிரிட்டிஷ் கட்டுமானத் தர விதி சொல்வதும் ஏறத்தாழ இதே கணக்குதான். குழாய் அங்கேதான் போயாக வேண்டும் என்றால் கையால் தோண்டி, பெரிய வேருக்கு அடியில் நுழைக்கலாம். கூலி கூடும்தான். மரம் சாய்ந்து வீட்டு ஓட்டை உடைத்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளம் போலவே சிமென்டும் பிரச்சினைதான். அடிமரத்தைச் சுற்றிப் பூசிய சிமென்டை 1 மீட்டருக்கு உடைத்தெடுக்கச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு உத்தரவிட்டது 2013-ல். நம் ஊர் நடைபாதைகளில் இன்றும் மரத்தின் கழுத்துவரை சிமென்ட்தான்.

வேலை தொடங்கும் முன்பே பஞ்சாயத்துச் செயலாளருக்கும் சோஷியல் ஃபாரஸ்ட்ரி ஆபீஸுக்கும் படத்தோடு மனுக் கொடுங்கள். வேலைத் திட்டத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஏற்கெனவே வேர் போய் மரம் சாய்ந்து நின்றால், கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் 238-ம் பிரிவின்படி பஞ்சாயத்து, மரத்தின் உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். பஞ்சாயத்து அசையாவிட்டால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 152-ம் பிரிவில் ஆர்டிஓவிடம் போகலாம்.

மலையாளம் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். 1969-ம் வருஷத்து கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி சித்தூர், தேவிகுளம், பீர்மேடு போன்ற தமிழர் பகுதிகளில் மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். மனுவை நீட்டியதும் ரசீது வாங்காமல் ஆபீஸை விட்டு இறங்காதீர்கள்.