கொத்தமல்லிக் கட்டும் கூட்டு வட்டியும்

சென்ற மாதம் என்னிடம் கொத்தமல்லி வாங்கிப்போன அம்மா ஒருவர் போன் செய்தார். "சார், கட்டைப் பிரிச்சா சாண வாசம் அடிக்குது. பச்சையாச் சட்னி அரைக்கலாமா?"

இரண்டு நாள் முன்புதான் ஜீவாமிர்தம் தெளித்திருந்தேன். "இயற்கைதானேம்மா, ஒண்ணும் ஆகாது" என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை. "அரைக்காதீங்க, வேற கட்டு தர்றேன்" என்றேன்.

சாணம் மண்ணுக்கு உயிர். ஆனால் அதே சாணத்தில் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களும் இருக்கலாம். ஈ.கோலையில் சில வகைகள் மாட்டை ஒன்றும் செய்யாது. நம் குடலுக்குள் போனால் நஞ்சைச் சுரந்து ரத்தக் கழிச்சல் வரவைக்கும், சிறுநீரகத்தையே கெடுக்கும். ஜீவாமிர்தத்தில் போடும் வெல்லமும் பயறு மாவும் நல்லது, கெட்டது பார்த்துத் தீனி போடுவதில்லை.

வங்கியில் கூட்டு வட்டி போட்டே காலம் கழித்தவன் நான். பாக்டீரியா கணக்கு அதைவிட வேகம்ங்க. ஈரம், சத்து, இதமான சூடு மூன்றும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று, 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும்! நஞ்சுள்ள சில ஈ.கோலை வகைகளுக்கு அவ்வளவுகூட வேண்டாம். நூறுக்கும் குறைவாக உள்ளே போனாலே போதும்.

2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலையால் 3,800 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய்மேல் பழி விழுந்தது. கடைசியில் விசாரணை போய் நின்றது, ஓர் இயற்கைப் பண்ணையின் முளைகட்டிய பயிரில். விதையோடு வந்த கிருமி, முளைகட்டும் ஈரத்திலும் சூட்டிலும் பெருகியிருக்கிறது. 'ரசாயனம் இல்லை' என்ற சான்று, 'கிருமி இல்லை' என்ற சான்று ஆகாது.

அதனால் நான் மாற்றிக்கொண்டவை:

* பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் இலைமேல் சாணக் கரைசல் தெளிப்பதில்லை. விதைப்புக்கு முன்பே மண்ணுக்குக் கொடுத்துவிடுகிறேன்.
* பச்சைச் சாணம் போடுவதில்லை. உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறி, பலமுறை புரட்டி, நன்றாக மக்கிய எருதான். அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, மண்ணில் படும் விளைபொருளென்றால் பச்சை எரு போட்டு 120 நாள் கழித்துத்தான் அறுவடை செய்யலாம்.
* வாய்க்கால் தண்ணீரில் கீரை அலசுவதை நிறுத்திவிட்டேன். குடிக்கிற தண்ணீர்தான்.
* விடியலில் அறுத்து, நிழலில் வைத்து, அன்றே விற்றுவிடுகிறேன்.

அந்த அம்மா இப்போதும் என்னிடம்தான் வாங்குகிறார். நம்மை நம்பிப் பச்சையாகச் சாப்பிடுகிறார்கள். அந்த நம்பிக்கைதான் நம்ம முதல். அதைக் கரையவிடலாமா?