என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை: பெற்றோரின் அச்சங்களும் அறிய வேண்டியவையும்

தலசீமியா நோயினால் பாதிக்கப்பட்ட ஊவா மாகாணப் பிள்ளைகளுக்குப் பதுளை வைத்தியசாலையே பிரதான சிகிச்சை நிலையமாக விளங்குகின்றது. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டியிருப்பதால், பசறை, மடுல்சீமை தோட்டங்களில் வாழும் பெற்றோருக்கு ஒவ்வொரு தடவையும் ஒருநாள் பேர் இல்லாமற் போகின்றது. இந்நிலையில், என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை மூலம் இந்நோயைக் குணப்படுத்தலாம் என வைத்தியர் கூறும்போது மகிழ்ச்சியை விட அச்சமே மேலோங்குகின்றது.

குருதிக் கலங்களை உற்பத்தி செய்வது எலும்பினுள்ளே இருக்கும் மச்சையாகும். தலசீமியா நோயாளியின் மச்சையைக் கடும் மருந்துகளால் அழித்து, ஆரோக்கியமான ஒருவரின் மச்சையை நாளத்தினூடாகச் செலுத்துவதே இச்சிகிச்சை. இத்தாலியின் பெசாரோ நகரில் 1980களில் வளர்ச்சி பெற்ற இம்முறை, 1986இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் ஆரம்பிக்கப்பட்டது.

'பிள்ளை பிழைக்குமா?' என்பதே பெற்றோரின் முதற் கேள்வி. 2000 முதல் 2010 வரை இச்சிகிச்சை பெற்ற 1,493 தலசீமியா நோயாளிகள் குறித்த ஐரோப்பிய ஆய்வொன்று 2016இல் வெளியானது. பொருத்தமான உடன்பிறப்பிடமிருந்து மச்சை பெற்றவர்களுள் 91 சதவீதமானோர் ஈராண்டுகளின் பின்னரும் உயிருடன் இருந்தனர். 83 சதவீதமானோர் நோயின்றி இருந்தனர். பதினான்கு வயதுக்கு முன்னர் செய்யப்பட்டோரிடம் பலன் சிறப்பாக இருந்தது. எனினும் கிருமித்தொற்று, புதிய மச்சை உடலைத் தாக்குதல், பிற்காலத்தில் குழந்தைப்பேறு இல்லாமற் போதல் ஆகிய ஆபத்துகளையும் பெற்றோர் அறிந்தே சம்மதிக்க வேண்டும்.

மச்சை வழங்கும் பிள்ளையைப் பற்றிய கவலையும் சிறிதன்று. முள்ளந்தண்டில் கைவைப்பார்கள், பிள்ளை முடமாகிவிடும் என்ற எண்ணம் தவறானது. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்தே மச்சை எடுக்கப்படுகின்றது. எடுக்கப்பட்ட அளவு சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். நோயின்றி, தலசீமியா மரபணுவை மாத்திரம் காவும் உடன்பிறப்பும் வழங்கலாம். ஆனால் ஒவ்வோர் உடன்பிறப்பும் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றே. பொருந்தாவிடின் அது எவருடைய குற்றமுமன்று.

செலவைப் பொறுத்தவரை, தோட்டத் தொழிலாளி ஒருவர் தனித்துத் தாங்கக்கூடியதன்று. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்க முடிகின்றது என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை.

இவை அனைத்தையும் விட முக்கியமான ஓர் உண்மை உண்டு. சிகிச்சைக்கு முன்னர் இரும்புச்சத்து முறையாக அகற்றப்பட்டதா, ஈரல் வீங்கியுள்ளதா, அதில் தழும்பு ஏற்பட்டுள்ளதா என்ற மூன்றையும் கொண்டே ஆபத்தின் அளவைப் பெசாரோ வைத்தியர்கள் கணித்தனர். குருதி ஏற்றும்போதெல்லாம் உடலில் இரும்புச்சத்து படிகின்றது. அதனை அகற்றும் மருந்தை இரவிரவாகத் தோலின் கீழ் செலுத்துவதோ மாத்திரையாகக் கொடுப்பதோ லயன் அறையில் எளிதான காரியமன்று. ஆயினும் நாளைய மாற்றுச் சிகிச்சையின் வெற்றி, இன்று தவறவிடாத அம்மருந்திலேயே பெரிதும் தங்கியுள்ளது. மாற்றுச் சிகிச்சை என்றேனும் கிடைக்கட்டும் என்று மருந்தைக் கைவிடுவது, அதன் வாசலைத் தாமே அடைப்பதாகும்.

குணமடைந்த பிள்ளையும் மரபணுவைத் தன் சந்ததிக்குக் கடத்தும் என்பதால் வாழ்க்கைத் துணையாக வருபவரின் குருதியைப் பரிசோதிப்பது அவசியம். இது அனைவருக்கும் பொருந்தும். காவிகளான இருவர் மணம் புரிந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள பிள்ளை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமன், மாமி பிள்ளைகளை மணம் செய்யும் வழக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உள்ளதால் இங்கு அவதானம் கூடுதலாக வேண்டும். ஈரான் 1997இலும் சவூதி அரேபியா 2004இலும் திருமணத்துக்கு முந்திய பரிசோதனையைக் கட்டாயமாக்கின.

ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் திருமணப் பேச்சின்போதே இப்பரிசோதனையை வலியுறுத்தலாம். தோட்ட நிர்வாகங்கள் கிளினிக் நாளுக்கு முழுப் பேர் வழங்கலாம். வைத்தியசாலைகள் மாற்றுச் சிகிச்சை பற்றிய விளக்கத்தைத் தமிழிலேயே எழுத்தில் கொடுக்கலாம். புரியாத தாளில் கையொப்பமிடும் தாயின் அச்சத்தை எந்த மருந்தாலும் தீர்க்க முடியாது.