மோட்டார் வண்டியும் ஒலிபெருக்கியும்



மன்னார்புரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வேளையில் அமர்ந்திருந்தால், கடந்து செல்லும் கார்கள் சிலவற்றை நான் கண்ணால் காண்பதற்கு முன்பே நெஞ்சால் அறிந்துகொள்வேன். சன்னல் கண்ணாடி நடுங்கும். மார்பில் ஓர் அதிர்வு ஏற்படும். அதன் பின்னரே வண்டி வரும். முப்பதாண்டுகளுக்கு மேல் பௌதிகம் கற்பித்த ஒருவனுக்கு இஃது எரிச்சலை மட்டுமன்றிச் சில வினாக்களையும் தருகின்றது. சென்ற ஆண்டு என் தம்பி மகன் தன் காரில் புதிய ஒலிக்கருவிகளைப் பொருத்த முனைந்தபொழுது, அவ்வினாக்களுக்கு விடை தேடவேண்டிய கட்டாயமும் எனக்கு நேர்ந்தது. அதனையே இன்று சொல்லப்போகின்றேன்.

வண்டிக்குள் வானொலி என்பது புதிய எண்ணம் அன்று. நம் திருச்சி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே திங்களில் தோன்றியது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1930-இல், அமெரிக்காவில் பால் கால்வின் என்பாரின் நிறுவனம் காரில் பொருத்தும் வானொலிப் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்து, அதற்கு ‘மோட்டரோலா’ என்று பெயரிட்டது. அக்காலப் பெட்டிகள் வால்வுகளால் இயங்கின. வால்வுக்கோ நூற்றுக்கு மேற்பட்ட வோல்ட் வேண்டும். காரின் பாட்டரியோ வெறும் 6 வோல்ட். இவ்விடரை எவ்வாறு கடந்தனர்? அதிர்வான் என்னும் சிறு கருவியால் மின்னோட்டத்தை நொடிக்குப் பன்முறை வெட்டி வெட்டி, மின்மாற்றியின் வழியே உயர்த்திக்கொண்டனர். இதனை மறவாதீர்கள், மீண்டும் இவ்விடத்திற்கு வருவோம்.

இனி என் தம்பி மகனின் கதைக்கு வருகின்றேன். “பெரியப்பா, வண்டியோடு வந்த பெட்டியில் சத்தம் போதவில்லை. பெட்டியின் மேல் 50 வாட் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆனாலும் பாட்டு அலறுகிறது, இனிமையில்லை” என்றான். தாளும் பென்சிலும் எடுத்துவரச் சொன்னேன். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஓடும்பொழுது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். காரின் ஒலிபெருக்கி பெரும்பாலும் 4 ஓம் தடையுடையது. இசை அலை இந்த 14 வோல்ட்டுக்கு மேல் எழ இயலாது. அலையின் உச்சம் 14 எனில், அதன் பயனுறு மதிப்பு அதனை 1.41-ஆல் வகுக்க வருவது, அதாவது சுமார் 10. பத்தைப் பத்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் 25 வாட். கருவிக்குள் இழப்பதைக் கழித்தால் இருபதுக்குச் சற்று முன்பின்னாக நிற்கும். பின் 50 எங்கிருந்து வந்தது? 14-ஐ 14-ஆல் பெருக்கி நான்கால் வகுத்துப் பாருங்கள்: 49! அலை அலையாகவே இல்லாது, உச்சத்திலேயே சதுரமாக வெட்டுண்டு நிற்கும்பொழுது கிடைக்கும் அளவு அது. வெட்டுண்ட அவ்வலையைத்தான் நம் செவி ‘அலறல்’ என்கின்றது. அச்சிட்டவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயின், மெய்யும் சொல்லவில்லை.

ஆகவே மிகுதியான ஆற்றல் வேண்டுமெனில் மின்னழுத்தத்தை உயர்த்தவேண்டும். தனியே பொருத்தப்படும் ஆம்பிளிபயர் முதலில் செய்வது இதுதான். 14 வோல்ட்டை டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்ட, வளைய வடிவ மின்மாற்றி அதனை உயர்த்துகின்றது. பழைய அதிர்வான் புது உடை அணிந்து வந்துள்ளது, அவ்வளவே.

எவ்வளவு வாட் வேண்டும் என்பதில் இளைஞர்கள் பெரிதும் ஏமாறுகின்றனர். வாட்டை இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் உயரும். அம்மாறுதல் செவிக்குச் சிறிதே புலப்படும். ஓசை இருமடங்காகத் தோன்றவேண்டுமெனில் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் தேவை. இதனை அறியாது 100 வாட்டை விடுத்து 150 வாட்டுக்குப் பணம் கொட்டுவது வீண்.

நான் இதனையெல்லாம் விளக்குவதற்குள் அவன் 500 வாட் கருவி ஒன்றை ஒரு பட்டறையில் பொருத்திக்கொண்டு வந்துவிட்டான். கணக்கிடுங்கள்: நூற்றுக்கு 80 பங்கு திறனுள்ள கருவியாயினும் 625 வாட் உறிஞ்சும், 14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45 ஆம்பியர். வீட்டில் வெந்நீர்க் கருவிக்கு நாம் வைக்கும் பெரிய செருகியே 15 ஆம்பியருக்குத்தான். இத்துணை மின்னோட்டம் செல்லும் கம்பியை, எஞ்சின் அறையின் இரும்புத் தகட்டுத் துளை வழியே ரப்பர் வளையமின்றி இழுத்து வந்திருந்தனர். பாட்டரியின் அருகில் பியூஸும் இல்லை. ‘ஆம்பிளிபயரிலேயே பியூஸ் இருக்கிறதே’ என்றார்களாம்.

பத்து நாளில் தகட்டின் விளிம்பு கம்பியின் உறையை அறுத்துவிட்டது. மன்னார்புரம் ரவுண்டானாவுக்கு அருகே ரப்பர் கருகும் நாற்றம். நான் பின்னிருக்கையில் இருந்தேன். அவன் வண்டியை ஓரங்கட்டி, ஸ்பானரால் பாட்டரியின் இணைப்பைக் கழற்றியதால் பிழைத்தோம். பின் இருக்கைக்கடியில் இருந்த பியூஸ் ஏன் காக்கவில்லை? பாட்டரியிலிருந்து புறப்பட்ட மின்னோட்டம் அதனை எட்டுவதற்கு முன்பே வண்டியின் உடலில் பாய்ந்துவிட்டது. குறுக்குச்சுற்றில் கார் பாட்டரி பல நூறு ஆம்பியர்களை வாரி வழங்கவல்லது. பியூஸ் காப்பது அதற்கு அப்பாலுள்ள கம்பியைத்தான். ஆதலால் அது பாட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருத்தல் வேண்டும்.

வேறொரு பட்டறையில் எல்லாவற்றையும் மாற்றினோம். அங்கிருந்த முதியவர் வாட்டைப் பற்றிப் பேசவேயில்லை. கதவைத் தட்டிப் பார்த்தார். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளுகையில் முன்புறக் காற்று நெருங்குகின்றது. அதே கணத்தில் பின்புறக் காற்று நெகிழ்கின்றது. கதவின் உள்தகட்டிலுள்ள துளைகள் வழியே இவ்விரண்டும் கலந்தால், தாழ்ந்த சுருதி ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அவர் அத்துளைகளைப் பியூட்டைல் ரப்பர் தாள்களால் மூடினார். கருவி எதையும் கூட்டாமலேயே மிருதங்கத்தின் தொப்பி ஒலி தோன்றிற்று! எனக்கு மிக மகிழ்ச்சியளித்த நிமிடம் அதுதான்.

காரில் இன்னொரு குறையுண்டு. நம் நாட்டில் ஓட்டுபவர் வலப்புறம் அமர்கின்றார். இடக் கதவு ஒலிபெருக்கி அரை மீட்டர் கூடுதல் தொலைவில் இருப்பின், அவ்வொலி நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு தாமதித்து வரும். அச்சிறு காலத்தால் பாடகர் வலக் கதவுக்குள் ஒடுங்கிவிட்டதாகத் தோன்றும். இக்காலக் கருவிகள் வலப்புற ஒலியை அவ்வளவே தாமதப்படுத்திப் பாடகரை முன்கண்ணாடிக்கு நேரே அமர்த்திவிடுகின்றன. காரின் உள்ளறையையே ஓர் இசையரங்காக அளந்து கருவி அமைக்கும் முறையை 1980-களில் பரப்பியவர்களுள் ஒருவர் அமர் போஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த இவர், கல்கத்தாவிலிருந்து அங்குச் சென்ற விடுதலைப் போராட்ட வீரர் ஒருவரின் மைந்தர்.

செவியைப் பற்றியும் சொல்லவேண்டும். தொழிலாளர் நலனுக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கின்படி 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடமே. மூடிய காருக்குள் 100 டெசிபல் எழுப்புவது மிக எளிது. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வெளியே இருப்பவர்க்காகச் சட்டமும் உண்டு: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பிட்டுள்ளன.

அவன் காரில் இப்பொழுது இருப்பது சேனலுக்கு 60 வாட் கருவி. 500 வாட்டைப் பாதி விலைக்கு விற்றுவிட்டான். அதில் அவனுக்கு இன்னும் சிறிது வருத்தந்தான். சென்ற வாரம் இருவரும் திருவரங்கம் சென்றோம். காவிரிப் பாலத்தின் மேல் நாகசுரம் ஒலித்துக்கொண்டிருந்தது. பின்னே வந்த ஆம்புலன்ஸின் ஒலியும் தெளிவாகக் கேட்டது. அவன் ஒதுங்கி வழி விட்டான்.