கல்லில் உறைந்த அந்துப்பூச்சி

அந்துப்பூச்சி ஒன்றைப் பற்றிய விரலில் சாம்பல் போன்ற மென்தூள் ஒட்டிக்கொள்ளும். அத்தூளை நுண்ணோக்கியில் வைத்து நோக்கினால், நெடுகக் கோடுகள் ஓடும் நுண்ணிய செதில்களாகத் தோன்றும். வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் லெபிடாப்டெரா என்னும் ஒரே வரிசையில் அடங்குவன. செதில் பொருந்திய சிறகு என்பதே அப்பெயரின் பொருள். இவ்வரிசையில் இன்று அறியப்பட்டுள்ள ஏறத்தாழ 1,60,000 சிற்றினங்களுள் பத்தில் ஒன்பது பங்கு அந்துப்பூச்சிகளே. ஆயினும், புதைபடிவங்களாகக் கிடைப்பவை மிகச் சில. இறந்த பூச்சியின் செதில் போர்த்த சிறகு எளிதில் நீரில் அமிழ்வதில்லை. சேற்றில் புதையுமுன் மெல்லுடல் சிதைந்துவிடுகிறது.

வாழும் பூச்சியை இனங்காண்போர் அதன் நிறம், உணர்கொம்பு, வாயுறுப்பு, இனப்பெருக்க உறுப்பு ஆகிய யாவற்றையும் ஆராய்வர். கல்லில் நசுங்கிய பூச்சியிலோ பெரும்பாலும் எஞ்சுவது சிறகின் நரம்பமைப்பே. அதனை மட்டும் நம்பிவிடவும் இயலாது. நீர்நிலைகளை அடுத்து வாழும் காடிஸ் ஈக்கள் இவ்வரிசைக்கு மிக நெருங்கிய உறவின. அவற்றின் நரம்பமைப்பு தொன்மையான அந்துப்பூச்சிகளின் நரம்பமைப்பை வெகுவாக ஒத்திருக்கும். ஆனால், காடிஸ் ஈயின் சிறகைப் போர்த்தியிருப்பது பொதுவாக மயிர். இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் கிடைத்த, ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகள் பழைமையான சிறகொன்றில் செதில்கள் காணப்பட்டமையால், 1985இல் அது லெபிடாப்டெராவாக வகைப்படுத்தப்பட்டது. அதற்கு இடப்பட்ட ஆர்க்கியோலெபிஸ் என்னும் பெயர் ‘பழஞ்செதில்’ எனப் பொருள்படும்.

சிறகே இல்லாமல் செதில் மட்டும் கிடைத்தால் என் செய்வது? வட ஜெர்மனியின் ஷாண்டெலா என்னுமிடத்தில் துளையிட்டெடுத்த பாறையை ஆய்வாளர்கள் அமிலத்தில் கரைத்தனர். எஞ்சிய மகரந்தத் துகள்களுக்கிடையே ஏறத்தாழ 70 செதில்கள் கிடைத்தன. அவற்றைப் பொறுக்கியெடுக்க ஊசிமுனையில் மனித மூக்குமயிரைப் பொருத்திப் பயன்படுத்தினர் என்பது வியப்பூட்டும் செய்தி. 2018இல் வெளியான அவ்வாய்வின்படி அச்செதில்களின் வயது ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள்.

அச்செதில்களுள் சில உட்குழிவானவை. தாடையால் மகரந்தத்தை மென்றுண்ணும் தொன்மையான அந்துப்பூச்சிகளுக்குத் திண்மையான செதில்களே உண்டு; உட்குழிவான செதில்கள் உறிஞ்சுகுழல் பெற்ற பிரிவிலேயே காணப்படுகின்றன. எனவே, அப்பிரிவு அக்காலத்திலேயே தோன்றிவிட்டது என ஆய்வாளர்கள் கருதினர். பூக்கும் தாவரங்கள் உலகெங்கும் பரவியதோ பல கோடி ஆண்டுகள் கழித்து. மலர்த்தேனுக்காகவே உறிஞ்சுகுழல் தோன்றிற்று என்னும் பழைய கருத்து இதனால் ஆட்டங்கண்டது. திறந்தவிதைத் தாவரங்கள் மகரந்தத்தைப் பற்றுவதற்குச் சுரக்கும் நீர்த்துளிகளை அப்பூச்சிகள் பருகியிருக்கலாம் என்பது அவர்தம் விளக்கம்.

ஆயினும், செதிலைக் கண்டவுடன் முடிவுகட்டுதல் தகாது. சீனாவிலும் கஜகஸ்தானிலும் கிடைத்த காலிகிராமாட்டிட் என்னும் பூச்சிகளைக் காண்போர் அவற்றை வண்ணத்துப்பூச்சிகள் என்றே கூறுவர். அகன்ற சிறகு, அதில் கண் போன்ற புள்ளி, செதில்கள், நீண்ட உறிஞ்சுகுழல் என அனைத்தும் அவற்றில் உள்ளன. எனினும், அவற்றின் நரம்பமைப்பு வலைச்சிறகுப் பூச்சிகளுக்கு உரியது. முற்றிலும் வேறான வழியில் வந்த பூச்சிகள் ஒத்த உணவுமுறையால் ஒத்த உருவை அடைந்தன. காடிஸ் ஈயின்பால் ஐயம் விளைத்த அதே நரம்பமைப்பு இங்கு ஐயத்தை நீக்கிற்று. எந்தவொரு பண்பும் தனித்து நின்று வகைப்பாட்டை முடிவுசெய்வதில்லை.

சிறகோ செதிலோ இன்றியும் சில குடும்பங்களை அறியலாம். இலை துளைப்பான்களின் புழு, இலையின் இரு தோல்களுக்கிடையே சுரங்கமிட்டு உண்டு செல்லும். சுரங்கம் வளையும் விதம், புழு வளர வளர அது அகலும் அளவு, கழிவு படிந்திருக்கும் ஒழுங்கு ஆகியவை குடும்பத்திற்குக் குடும்பம் வேறுபடும். அமெரிக்காவின் கன்சாஸ், நெப்ராஸ்கா பகுதிகளில் கிடைத்த, ஏறத்தாழ 9.7 கோடி ஆண்டுகள் பழைமையான இலைப்படிவங்களில் இத்தகைய சுரங்கங்கள் உள்ளன. பூச்சியுடலின் துணுக்கு ஒன்றும் இன்றியே, அத்தடங்களைக் கொண்டு நெப்டிகுலிடே முதலிய இன்றைய அந்துப்பூச்சிக் குடும்பங்களை ஆய்வாளர்கள் 1994இல் இனங்கண்டனர்.