டயர் உரசுது மச்சி: அகல ரிம், வெட்டின ஸ்பிரிங், ஒரு கொல்லிமலை பயணம்

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "ப்ரோ, காரை இறக்கிட்டேன், ரிம் மாத்திட்டேன், இப்போ டயர் உரசுது, என்ன பண்றது?" இதுக்கு நான் பதில் சொல்ற தகுதியை எப்படிச் சம்பாதிச்சேன்னு முதல்ல சொல்லிடறேன்.

என்கிட்ட ஒரு பழைய ஹேட்ச்பேக். 185/60 R15 டயர், 6 இன்ச் அகல ரிம். அதை எடுத்துட்டு 7 இன்ச் அகலத்துல 16 இன்ச் அலாய் போட்டேன், 205/55 டயரோட. ஸ்பிரிங்ல ஒன்றரை சுத்து வெட்டி வண்டியை இறக்கியாச்சு. பார்க்க சும்மா அப்படி இருந்துச்சு. நான் தனியா ஓட்டினவரை ஒரு சத்தமும் இல்ல. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் லேசா ஒரு 'சர்ர்'. அதைப் பாட்டு சத்தத்துல மறைச்சுட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை அம்மா, அத்தை, தங்கச்சி மூணு பேரையும் பின்னாடி உட்கார வச்சு சேலத்துல இருந்து கொல்லிமலை கிளம்பினோம். ஆண்டகளூர் கேட் வரைக்கும் பைபாஸ்ல பிரச்சனை இல்ல. ஊருக்குள்ள திரும்பினதும் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் பின்னாடி இருந்து 'கர்ர்ர்'. அம்மா ரெண்டு தடவை "என்னடா சத்தம்?"னு கேட்டாங்க. "ரோடு சரியில்லம்மா"ன்னேன். காரவள்ளி பக்கம் டீ குடிக்க நிறுத்தி, பின் டயரோட வெளித் தோள்ல விரலை ஓட்டினேன். பிளேடால கீறின மாதிரி சுத்திவர ஒரு கோடு. ஒரு இடத்துல உள்ளே இருக்கிற நூலே தெரியுது. அங்கேருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. அந்த டயரோட ஏறி, அதே டயரோட மூணு பேரை இறக்கிக் கூட்டிட்டு வரணும்.

ஏறல. மூணு பேரையும் பஸ் ஏத்தி அனுப்பிட்டு, ஸ்டெப்னியை மாட்டி, நாமக்கல்ல லாரி வேலை பார்க்கிற ஒரு அண்ணன்கிட்ட வண்டியை உருட்டிட்டுப் போனேன். அம்மா அன்னைக்கு என்கூட பேசல.

அண்ணன் வண்டியைச் சுத்திவந்து சொன்ன முதல் வார்த்தை: "எங்க ஒரசுதுன்னு தெரியாம எதையும் தட்டக் கூடாதுங்க தம்பி." சாக்பீஸ் எடுத்து நாலு டயரோட தோள்லயும் பக்கச்சுவர்லயும் பட்டையா தேய்ச்சார். பட்டறைப் பசங்க நாலு பேரை உள்ள உட்கார வச்சார். முன் வலது சக்கரத்தையும் பின் இடது சக்கரத்தையும் கட்டை மேல ஏத்திட்டு, "ஸ்டியரிங்கை முழுசா ஒடிங்க"ன்னார். அப்புறம் எதிர் மூலையிலயும் அதே. சுண்ணாம்பு எங்க அழிஞ்சிருக்கோ அங்கதான் உரசல். சமதரையில ஆளில்லாம நிக்கிற வண்டியைப் பார்த்து 'கேப் இருக்கே'ன்னு நினைச்சது எவ்வளவு அபத்தம்னு அப்பதான் புரிஞ்சது. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, லோடு டெஸ்ட் பண்ணாமலே ரிலீஸ் பண்ணிட்டேன்.

ரெண்டு இடம் மாட்டுச்சு. முன்னாடி, முழுசா ஒடிக்கும்போது டயர் பிளாஸ்டிக் லைனரைத் தொடுது. அது தேயும், சத்தம் போடும், அவ்வளவுதான். பின்னாடி, ஆள் ஏறி சக்கரம் மேல போகும்போது டயரோட வெளித்தோள் ஃபெண்டரோட மடிப்புத் தகட்டுல படுது. தகடு டயரைச் சீவும். பயப்பட வேண்டியது இதுக்குத்தான்.

இப்போ கொஞ்சம் கணக்கு. ரிம் அச்சுல போய் ஒட்டுற முகத்துக்கும் ரிம்மோட நடுக்கோட்டுக்கும் இருக்கிற தூரம்தான் ஆஃப்செட். ரிம்லயே ET-னு போட்டு மில்லிமீட்டர்ல குத்தியிருப்பாங்க. என் பழைய ரிம் ET40, புதுசு ET35. எண் குறைஞ்சா சக்கரம் வெளியே தள்ளும். ரிம் 1 இன்ச் அகலமானதால ரெண்டு பக்கமும் 12.7 மி.மீ. கூடுது. அதுல ஆஃப்செட் வித்தியாசம் 5 மி.மீ. சேர்ந்தா, வெளியே 17.7 மி.மீ., உள்ளே 7.7 மி.மீ. நகர்ந்திருக்கு. ஃபெண்டர் தகடு இருக்கிற பக்கம்தான் ரொம்பப் போயிருக்கு. ஸ்பேசர் போட்டா சரியாகுமான்னு நிறைய பேர் கேட்கிறீங்க. ஸ்பேசர் சக்கரத்தை இன்னும் வெளியேதான் தள்ளும். உள்பக்கம் சஸ்பென்ஷன்ல உரசுற வண்டிக்கு அது உதவும், எனக்கு உதவாது.

அடுத்தது உயரம். 185/60 R15 டயரோட விட்டம் சுமார் 603 மி.மீ. நான் போட்ட 205/55 R16 632 மி.மீ. கிட்டத்தட்ட 5 சதவீதம் பெருசு. மீட்டர் 100 காட்டும்போது முன்னைவிட 5 கி.மீ. கூட ஓடிட்டு இருந்திருக்கேன். ஒரு பக்கம் டயரைப் பெருசாக்கிட்டு, இன்னொரு பக்கம் வண்டியை இறக்கியிருக்கேன். ஒரே இடத்தை ரெண்டு பக்கமிருந்தும் தின்னாச்சு. 195/50 R16 போட்டிருந்தா விட்டம் 601 மி.மீ., பழைய அளவுக்கு 2 மி.மீ.தான் வித்தியாசம். ஆனா அளவு மட்டும் பார்த்து வாங்காதீங்க, லோடு இண்டெக்ஸும் பாருங்க. 84-ன்னா ஒரு டயர் 500 கிலோ தாங்கும். கம்பெனி டயர்ல இருக்கிற எண்ணைவிட கீழ போகக் கூடாது.

டயர் மாத்தினதும் முன்பக்க உரசல் போயிடுச்சு. வெட்டின சைடுவாலை ஒட்டித் தரேன்னு யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க, ஒட்டு நிக்காது. அந்த டயரைக் குப்பைக்குப் போட்டேன், பாதி மாசச் சம்பளம்.

ஸ்பிரிங்கைப் பார்த்ததும்தான் அண்ணனுக்குக் கோபம் வந்துச்சு. "இத யாருங்க வெட்டினது?" வெட்டின ஸ்பிரிங் விறைப்பாகும், ஆனா அமுங்குற தூரம் குறைஞ்சிடும். சக்கரம் பள்ளத்துல தொங்கும்போது ஸ்பிரிங் தன் இடத்தைவிட்டு நகரவும் வாய்ப்பு உண்டு. கழட்டிட்டு, என் மாடலுக்கே செய்த 25 மி.மீ. இறக்குற செட்டை, கூடவே புது பம்ப் ஸ்டாப்போட மாட்டினோம். வண்டி முன்ன மாதிரி தரையை முத்தம் கொடுக்கிறதில்ல. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பின்பக்கம் மறுபடி சாக்பீஸ். நாலு பேர் உட்கார்ந்தா நூலளவு இன்னும் படுது. கடைசியா அப்பதான் ஃபெண்டர் மடிப்பைத் தொட்டார். ஹீட் கன்னால பெயிண்டைச் சூடாக்கி, ரோலரால மடிப்பை மெல்ல மெல்ல உள்பக்கம் படிய வச்சார். சூடு இல்லாம மடிச்சா பெயிண்ட் வெடிச்சு, அடுத்த மழைக்கே துரு பிடிக்கும். கேம்பரைச் சாய்ச்சு சரி பண்ணலாமேன்னு கேட்டேன். "உள்பக்கம் மொட்டையாகும், டயர் வாங்கிட்டே இருப்பீங்களாங்க?"ன்னார். அதோட விட்டேன். வேலை முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட். நூறு கி.மீ. ஓடினதும் வீல் நட்டை மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

சட்டம் பத்தி ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் குறிச்ச விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில இதையே உறுதியா சொல்லியிருக்கு. அதனால பழைய ரிம், பழைய ஸ்பிரிங் எதையும் காயலான் கடைக்குப் போடல, பரண்ல இருக்கு. உங்க வண்டியோட டாப் வேரியன்ட்டுக்கே கம்பெனி அகல டயர் கொடுத்திருந்தா, முதல்ல அதையே பாருங்க.

மூணு வாரம் கழிச்சு அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டேன். "அந்தக் கார்லயா?"ன்னாங்க. காரவள்ளியில நிறுத்தி, டயர்ல நானே சாக்பீஸ் பூசினேன். மேலே செம்மேடு போய் இறங்கிப் பார்த்தா, நாலு பட்டையும் அப்படியே இருந்துச்சு. அம்மா பின் சீட்ல நல்ல தூக்கம்.