சர்க்கரையும் உழைப்பும் – 9: திரும்பப் பெற முடியாத இன்சுலின்

முதல் வகை நீரிழிவில் உடலின் எதிர்ப்பாற்றல் கணையத்தின் பீட்டா செல்களைத் தானே அழித்துவிடுவதால் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகிறது என்பதும், அதன்பின் அதை வாழ்நாள் முழுவதும் ஊசி வழியாகவே பெற வேண்டியிருக்கிறது என்பதும் முந்தைய பகுதிகளில் விளக்கப்பட்டன. நோய் கண்டறியப்பட்ட அதிர்ச்சியில் விளையாட்டை நிறுத்தியவர்களும், அறுவை சிகிச்சைக்கோ மகப்பேற்றுக்கோ பிறகு பல மாதங்கள் ஓய்ந்திருந்தவர்களும் மீண்டும் நடைக்கும் ஓட்டத்துக்கும் உடலுழைப்புக்கும் திரும்பும்போது இரத்தச் சர்க்கரை ஏன் தாறுமாறாகிறது என்பதே இப்பகுதியின் பொருள்.

இதுபற்றி 1926இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியவர் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையின் ராபின் லாரன்ஸ்; அவரே நீரிழிவு நோயாளி, 1923இல் இன்சுலின் கிடைத்ததால் உயிர் பிழைத்தவர். உடற்பயிற்சி ஊசி இன்சுலினின் செயலை வலுப்படுத்துகிறது என்று அவர் காட்டியதன் காரணம் பின்னாளில் செல் அளவில் விளங்கியது: தசை சுருங்கும்போது அதன் உள்ளே ஒதுங்கியிருக்கும் குளூட்-4 என்னும் சர்க்கரை கடத்தும் புரதங்கள், இன்சுலினுக்குக் காத்திராமலே செல்லின் மேற்பரப்புக்கு வந்து குருதியிலுள்ள குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. நோயற்றவரின் கணையம் நடை தொடங்கியதுமே சுரப்பைக் குறைத்துவிடுவதால், கல்லீரல் தன் சேமிப்பான கிளைக்கோஜனை உடைத்து, தசை எடுத்துக்கொண்டதற்கு ஈடாகச் சர்க்கரையை வெளியிடுகிறது. ஊசி போட்டவரிடம் இந்த ஏற்பாடு இல்லை. தோலுக்கடியில் சென்ற மருந்தைத் திரும்பப் பெற முடியாது, அது கல்லீரலைத் தடுத்து நிறுத்தியிருக்கும் நேரத்திலேயே தசை சர்க்கரையை வாரிக்கொள்கிறது. குறுகிய நேர அதிவேக ஓட்டமும் பளுதூக்கலும் மட்டும் அட்ரினலினைப் பெருக்கிச் சர்க்கரையைச் சிறிது நேரம் ஏற்றக்கூடும். அந்த ஏற்றத்தைக் கண்டு அஞ்சி உடனே முழு அளவில் கூடுதல் ஊசி போடுவது பிறகு பெரும் இறக்கத்தில் முடியலாம்.

கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ரிடெல் தலைமையிலான பன்னாட்டு வல்லுநர் குழு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு மணி நேரம் வரையிலான நடை, மெல்லோட்டம் போன்றவற்றைத் தொடங்க 126 முதல் 180 மில்லிகிராம் வரையிலான சர்க்கரை அளவு பெரும்பாலோருக்குப் பொருந்தும் என்கிறது. அளவு 90க்குக் கீழிருந்தால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 90ஐத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். காரணம் தெரியாமல் 270ஐத் தாண்டியிருந்தால் கீட்டோனை, அதாவது இன்சுலின் பற்றாக்குறையில் கொழுப்பு எரிவதால் உண்டாகும் அமிலப் பொருளை, முதலில் சோதிக்க வேண்டும். இரத்தத்தில் அது 1.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று பயிற்சியே கூடாது. முந்தைய 24 மணி நேரத்துக்குள், பிறர் உதவியின்றி மீள முடியாத அளவுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தாலும் அவ்வாறே. இறங்கும் சர்க்கரையை நிமிர்த்தக் கையில் இருக்க வேண்டியது குளுக்கோஸ் தூளே. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்தும் என்பதால் ஆம்பூர் பிரியாணியோ ஆற்காட்டு மக்கன் பேடாவோ அந்த அவசரத்துக்கு உதவா.

ஆயினும் இனிப்பை அள்ளிப் போட்டுக்கொண்டே பயிற்சி செய்வது தற்காப்பே தவிர முறையான மேலாண்மை ஆகாது. உணவுக்குப் பின் பயிற்சி செய்ய எண்ணுபவர், அந்த உணவுக்குரிய விரைவு இன்சுலினை, உழைப்பின் கடுமைக்கும் நேரத்துக்கும் ஏற்ப, கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை குறைத்துக்கொள்ள அவ்வழிகாட்டுதல் இடமளிக்கிறது. எவ்வளவு என்பதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். புதிதாகத் திரும்புபவருக்கு, விரைவு இன்சுலின் உடலில் மிகக் குறைவாக இருக்கும் காலை உணவுக்கு முந்திய நேரமே பாதுகாப்பானது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் அந்த நேரத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு: சூடேறிய தோலிலிருந்தும், இயங்கும் தொடையிலிருந்தும் மருந்து வழக்கத்தைவிட விரைவாகக் குருதியில் கலக்கிறது.

பகலில் எல்லாம் சரியாக முடிந்தாலும் இரவு மிஞ்சியிருக்கிறது. வெறுமையான தசை தன் கிளைக்கோஜனை மீண்டும் நிரப்பிக்கொள்ள மணிக்கணக்கில் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், மாலையில் விளையாடியவருக்கு நள்ளிரவுக்குப் பின் உறக்கத்திலேயே சர்க்கரை இறங்கும் ஆபத்து உண்டு.

பாலாற்றுப் படுகையின் தோல் தொழில் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகியவற்றில் இந்த விதிகளை விளையாட்டுக்கு மட்டும் உரியவையாக எண்ணுவது தவறு. டேனரியில் ஈரத்தோலைத் தூக்கிப் புரட்டுவதும், ஷூ கம்பெனியில் ஷிப்டு முழுவதும் நின்றபடி வேலை செய்வதும் உடலுக்கு உடற்பயிற்சியே. ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் சரியாக இருந்த அதே ஊசி அளவு திங்கட்கிழமை மாலையில் மிகையாகிவிடுவதன் காரணம் அதுவே. நோன்பு மாதத்தில் இரவில் தொழப்படும் தராவீஹ் தொழுகையையும் அன்றைய உடற்பயிற்சியின் பகுதியாகவே பன்னாட்டு ரமலான் நீரிழிவு வழிகாட்டுதல் கணக்கிடுகிறது. நோன்பின்போது சர்க்கரை 70க்குக் கீழிறங்கினாலும் 300க்கு மேலேறினாலும் நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும் என்றும் அது கூறுகிறது.

இவ்வட்டாரத்துக்கு மேலும் ஒரு தனிச்சிக்கல் இருக்கிறது. மெலிந்த உடலும் இளம் வயதும் கொண்டவர்க்குச் சர்க்கரை கண்டால் முதல் வகை என்று முத்திரை குத்துவது எளிது. ஆனால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நிஹால் தாமஸும் நியூயார்க்கின் மெரிடித் ஹாகின்ஸும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு, அத்தகையோரில் ஒரு பிரிவினர்க்கு இன்சுலின் சுரப்பு குறைந்திருந்தாலும் உடல் அதை நன்கு ஏற்கிறது என்று காட்டியது. ஊட்டக்குறைவோடு தொடர்புடைய இந்நிலையைப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2025இல் ஐந்தாம் வகை நீரிழிவாக ஏற்றது. இத்தகையவர்களுக்கு முதல் வகைக்குரிய அளவில் இன்சுலின் கொடுத்து, அதன்மேல் உழைப்பும் சேர்ந்தால் விளைவு ஆபத்தானது. ஆகவே எடை குறைந்தவர்கள் பயிற்சிக்குத் திரும்புமுன் தங்கள் நோயின் வகையை உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

இறுதியாகப் பாதம். 1946இல் வேலூர் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப் புண்களுக்கு உணர்விழப்பே முதன்மைக் காரணம் என்று நிறுவி, வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் மென்மையான நுண்துளை ரப்பர் அடித்தளம் கொண்ட காலணிகளைப் பரப்பினார்; உணர்வு மழுங்கிய நீரிழிவுப் பாதங்களுக்கும் இன்று அதே கொள்கையில்தான் காலணி செய்யப்படுகிறது. முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டு 5 ஆண்டுகள் கடந்தவர்கள், ஓட்டத்தையோ பளுதூக்கலையோ தொடங்குமுன் பாதத்தின் உணர்வையும் விழித்திரையையும் சோதித்துக்கொள்ள வேண்டும். அச்சோதனை அதன்பின் ஆண்டுதோறும் தேவை.

(தொடரும்)