சம்பள நாளை இழந்த கடைத்தெரு

சுற்றுலா ஊர்களின் கடைகள் ஆண்டில் சில வாரங்களில் கிடைக்கும் வரவைக் கொண்டே எஞ்சிய மாதங்களை ஓட்டுகின்றன. இதுவே பருவ வணிகம் எனப்படுகிறது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலிலுள்ள ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருக்களுக்கோ ஏறத்தாழ நூறாண்டுகளாகத் தங்கச் சுரங்கத்தின் சம்பள நாளே பருவமாக இருந்தது.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியை ஏற்றபின் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களை நம்பியே அரிசிக்கடையும் துணிக்கடையும் அடகுக்கடையும் பெருகின. கூலி தவறாமல் வரும் என்ற உறுதி இருந்ததால்தான் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு கடனுக்குச் சரக்குக் கொடுக்க முடிந்தது.

அந்த உறுதி 2001 பிப்ரவரி 28-இல், பின்னாளில் சுரங்கத்தை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது முறிந்தது. ஆயினும் ஊர் காலியாகிவிடவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி ராபர்ட்சன்பேட்டையின் மக்கள்தொகை 1.6 லட்சத்துக்கும் அதிகம். வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் இங்குள்ள மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் விடியுமுன் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். கடை திறக்குமுன் வீட்டைவிட்டுக் கிளம்பி, கடை அடைக்கும் நேரத்தில் வந்து இறங்குபவர் தமக்கு வேண்டியதைப் பெங்களூரிலேயே வாங்கிக்கொள்வது இயல்பு. ஒருவர் செலவிடும் பணம் அதே ஊரில் பல கைகள் மாறி வருமானத்தைப் பெருக்குவதைப் பொருளியலார் பெருக்கி விளைவு என்பர். தங்கவயல் இழந்தது அதைத்தான்.

சுற்றுலா இந்த இழப்பை ஈடுசெய்யும் என்ற நம்பிக்கை அவ்வப்போது எழுகிறது. அருகிலுள்ள கம்மசந்திராவின் கோடிலிங்கேசுவரர் கோயிலில் மகாசிவராத்திரியன்று பெருங்கூட்டம் திரள்கிறது. அப்போது கோயில் வாசலில் பூ, தேங்காய், வளையல், பொம்மைக் கடைகளுக்கு நல்ல விற்பனை. 2018-இல் வெளியான, தங்கவயலைக் களமாகக் கொண்ட ‘கே.ஜி.எஃப்.’ திரைப்படத்துக்குப்பின் சயனைடு மேடுகளைக் காணவும் சிலர் வருகின்றனர். பாறைத்தூளிலிருந்து சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டப்பட்ட கழிவே இம்மேடுகள். கோயிலுக்கு வருவோரும் மேடுகளைக் காண வருவோரும் பெரும்பாலும் அன்றே திரும்பிவிடுவதால் ராபர்ட்சன்பேட்டை மளிகைக்கடைக்கு அவர்களால் பெரிய வரவு இல்லை.

கடைத்தெரு நிலைக்க உள்ளூரிலேயே மாதச் சம்பளம் வேண்டும். மூடிக் கிடக்கும் சுரங்க நிலத்தில் வேலை தரும் தொழில்களைக் கொண்டுவருவதை மத்திய, மாநில அரசுகள் இனியும் தள்ளிப்போடலாகாது.